ஒன்பதாவது வரி

பதினொன்றரைக்கு வந்தவர் ஒன்றரைக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாப்பிடப் போகிறாராம். அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வதனரூபி ஒரு கல்லில் வெட்டியிருக்கும் எழுத்து என்ன எழுத்து, அது எந்தக் கடையில் இருக்கிறது என்று பார்த்து வைக்கவேண்டும். கல் இங்கே இல்லை. கல்லின் படம்தான் இருந்தது, ஏ4 தாளில், கலரில். அவர் அதை மேசையில் வைத்து, மூலை சுருளாமல் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பையையே எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பையை அவள் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் தாள் சுருண்டுவிடும், சுருண்டால் படம் மறைந்துவிடும், மறைந்தால் நல்லதுதானே என்று தோன்றியும் கை போகவில்லை. சாதாரண சேர்ட்டு, சாதாரண செருப்பு. பொலிஸா, இராணுவமா, எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அவர் மடித்த வேகத்தில் அவள் கண்டது அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் கிழிந்திருந்ததை மட்டும்தான். தமிழ் பேசினார், பேசக் கற்றுக்கொண்ட தமிழ், வாசிக்கத் தெரியாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "மிஸ் எழுத்தைப் பார்த்தால் போதும், எங்க செய்தது சொல்லும் என்று சொன்னாங்க." யார் சொன்னாங்க? அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. முற்றவெளிப் பக்கத்துப் பெயர்ப்பலகைக் கடைக்காரனா, பின்லேனில் கலியாணக் கார்டு அடிக்கிறவனா, யாரோ ஒருவன் பயத்தில் தன் தலையைத் தப்பவைக்க அவள் தலையைக் காட்டியிருக்கிறான். அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் என்றாலும் யாரையாவது காட்டியிருப்பாள். காட்டத்தான் போகிறாளா?

முதலாளி சண்முகரத்தினம் அவர் வந்தபோது இருந்தார், அவர் போனதும் எழும்பிவிட்டார். "பிள்ளை, தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைச் சொல்லாதை. நான் வீட்ட போட்டு வாறன், பிறசர்க் குளிசை போடேல்லை." தெரிஞ்சதைச் சொல்லு. இந்த அச்சகத்தில் பதினொரு வருடமாக அவள் செய்வது செத்தவர்களுக்கு எழுத்துக் கோர்ப்பது. முப்பத்தோராம் நாள் கையில் கொடுக்கிற சிறு புத்தகத்துக்கு இங்கே கல்வெட்டு என்றுதான் பெயர். தாளில் அடித்தாலும் கல்வெட்டு. தோத்திரம், வம்சாவளி, மகளின் புலம்பல், மருமக்களின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. எந்த ஆளுக்கு எந்த எழுத்து என்று அவள்தான் தீர்மானிப்பாள். ஓய்வுபெற்ற அதிபர் என்றால் கொஞ்சம் நிமிர்ந்த எழுத்து, ஆச்சி என்றால் உருண்டை. வீதியில் போகும்போது மதிலில், பஸ்ஸில், மருந்துக்கடைப் பலகையில் எங்கே எழுத்தைக் கண்டாலும் அவள் கண் சொல்லை வாசிக்காது, வளைவைத்தான் வாசிக்கும். இது பாமினி எழுத்துரு, இது லதா, இது பாமினியை இழுத்துக் குண்டாக்கினது, இது கையால் எழுதினது. ஒருமுறை ஒரு கடைக் கதவில் தொங்கின எழுத்தின் ககரத்தைப் பார்த்துக்கொண்டே கதவில் மோதினாள், அதில் மூடியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அதைச் சொல்லி அம்மா சிரித்தாள். அம்மா சிரித்து எவ்வளவு காலம். அம்மா இப்போது பந்தலில் இருப்பாள். வீதியோரத்தில், காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் குந்தியிருக்கிற மற்றத் தாய்மாரோடு, தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு. இன்றைக்கு வியாழன், வியாழனும் ஞாயிறும் அம்மாவின் முறை. வெய்யில் கூடுதலாக இருக்கிறது, தண்ணிப் போத்தல் கொண்டுபோனாளோ தெரியாது.

படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கறுப்புக் கல், மினுக்கின கல், அதில் வானமும் படம் எடுத்தவரின் தலையும் தெரிந்தன. மேலே ஒரு சொல், கீழே இருபத்துமூன்று வரி. அவர் வரிகளை எண்ணிச் சொன்னார், இருபத்துமூன்று பேர் என்று. போன கிழமை ஏதோ ஒரு காட்டோர ஊரில் இதை நட்டிருக்கிறார்கள், இரண்டாம் நாளே யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், பிடுங்கினவர்கள் யார் என்று அவருக்குக் கேள்வி இல்லை, நட்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி. வெட்டினவனைப் பிடித்தால் வெட்டக் கொடுத்தவரைப் பிடிக்கலாம். அவ்வளவுதான். உளியால் கொத்தின எழுத்து இல்லை இது, கோப்பையைத் தொடாமலே அவளுக்குத் தெரிந்தது. விளிம்பு சீவினமாதிரி இருந்தது, வளைவுகளின் ஆழம் ஒரே ஆழம். கணினியில் எழுத்தை அமைத்து, ஸ்ரிக்கரில் வெட்டி, அதைக் கல்லில் ஒட்டி, காற்றோடு மணலை அடித்துக் குடைகிற வேலை. அது யாழ்ப்பாணத்தில் ஆறு ஏழு இடத்தில் இருக்கிறது. கிளிநொச்சியில் இரண்டு. வவுனியாவில் எத்தனையோ. நல்லது, அதையே சொல்லலாம். ஆறு ஏழு இடம் ஐயா, எதென்று எப்பிடிச் சொல்லுறது. ஆனால் கண் கேட்கவில்லை. கண் ஒரு ணகரத்தில் போய் நின்றுவிட்டது. அதன் சுழி அகலமாக இருந்தது. இருக்கவேண்டியதைவிட அகலம். இல்லை, இல்லை, படம் சாய்ந்து எடுத்திருக்கிறார்கள், அதனால் அகலமாகத் தெரிகிறது. அடுத்த ணகரத்தைப் பார்த்தாள். அதுவும் அகலம். முதுகில் வியர்வை ஒரு சொட்டாக இறங்கி இடுப்பில் நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் யேசுநேசன் அந்தக் கதிரையில் இருந்து, குரலைத் தாழ்த்தாமல், தன் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினான். கல்லறைக்கல் வெட்டுகிறவன், கொழும்புத்துறைப் பக்கம் அவன் பட்டறை. "அக்கா, உங்கட இந்தச் சுழியெல்லாம் கடதாசிக்குச் சரி. எனக்கு மண் அடிக்கேக்க ஸ்ரிக்கர் பிஞ்சு பறக்குது. ணானாவுக்கை இருக்கிற சின்னத் துண்டு நிக்குதில்லை. ஞானாவின்ர வால் கிழியுது. ஒருக்கா வடிவாத் திருத்தித் தாங்கோவன்." அவள் திருத்தினாள். மூன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், எழுத்தெழுத்தாக. ணகரச் சுழியை அகலமாக்கி, ஞகரத்தின் வாலைக் குறுக்கி, அது உடம்போடு சேர்கிற இடத்தைத் தடிப்பாக்கி. செய்து முடித்துப் பார்த்தபோது வடிவாகத்தான் இருந்தது. பெயரும் வைக்கவில்லை. யேசுநேசனின் பென்டிரைவில் ஒரு பிரதி, இந்தக் கணினியில் ஒரு பிரதி. உலகத்தில் வேறு எங்கும் இல்லை. ஒன்றரைக்கு வருகிறவருக்கு ஒரே ஒரு வசனம் போதும். கொழும்புத்துறை யேசுநேசன். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்கு இந்த வருடம் சாதாரணதரச் சோதனை. சரி, அவன் பெயரைச் சொல்லாமல் விட்டால்? அவள் தலை தானாகத் திரும்பிப் பின்னால் இருந்த தட்டைப் பார்த்தது. அங்கே மாதிரிக்கு வைத்திருக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள், அவற்றில் மூன்று இதே எழுத்தில், அட்டையிலேயே, பெரிதாக. ஆசைப்பட்டுப் போட்டது. அவர் காலையில் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாசிக்கத் தெரியாத ஆள், அதனால் அவரும் வடிவத்தைத்தானே பார்ப்பார்? அவளைப் போலவே? எழும்பி அந்த மூன்றையும் எடுத்துவிடலாம். எடுத்தால் இடைவெளி தெரியும். காலையில் நெருக்கமாக இருந்த தட்டு இப்போது பல் விழுந்த வாய்மாதிரி இருக்கும். வேறு மூன்றை அந்த இடத்தில் வைக்கலாம், ஆனால் தூசி? தூசியின் கோடு மாறும். எழும்பினாள், இருந்தாள். கணினியிலிருந்து அழிக்கலாம். அழித்ததும் தெரியுமாம், என்றைக்கு அழித்தது என்று நேரத்தோடு எடுப்பார்களாம். யார் சொன்னது? யாரோ. மணி பன்னிரண்டு ஐம்பது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, அவளும் மூச்சை நிறுத்தினாள், அது போயிற்று.

ஒருவேளை அவளுடைய எழுத்தே இல்லையோ? வேறு யாருக்கும் இதே புத்தி வந்திருக்கக்கூடாதா? மண் எல்லாக் கடையிலும்தானே ஸ்ரிக்கரைப் பிய்க்கிறது, ணகரத்தை அகலமாக்க எவனுக்கும் தோன்றும். ஞகரத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். அந்த வாலை அவள் குறுக்கின விதத்தில் வேறு ஒருத்தர் குறுக்கமாட்டார், நுனியில் ஒரு சிறு மேல்நோக்கு வைத்தாள், தேவையில்லாமல், ஒரு சந்தோஷத்துக்காக. அது இல்லாவிட்டால் அவளுக்கு விடுதலை. கோப்பையை எடுத்தாள். தாளைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். மேல் வரியிலிருந்து ஞகரம் தேடினாள். முதல் வரியில் இல்லை, இரண்டில் இல்லை. ஞகரம் வராத பெயர்களாக வைத்திருக்கிறார்களே என்று ஒரு நன்றிகூட வந்தது. ஏழு, எட்டு. ஒன்பதாவது வரியின் நடுவில் இருந்தது. வாலைப் பார்த்தாள். நுனி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடையதுதான். சந்தேகமே இல்லை, தன் கையெழுத்தைப் போல. முடிந்தது, இனி எந்தச் சாட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டே, பழக்கத்தில், அந்த வால் அடுத்த எழுத்தை இடிக்கிறதா என்று பார்க்கக் கண் வலப்பக்கம் நகர்ந்தது. கால். பிறகு ன. பிறகு ரூ. ப. ன். ஞானரூபன். இடைவெளி சரியாக இருக்கிறது என்று மனம் சொல்லிற்று. அப்புறம்தான் அது ஒரு பெயர் என்று தெரிந்தது. அப்புறம்தான் அதற்கு முன்னால் வல்லிபுரம் என்று இருப்பது தெரிந்தது. வல்லிபுரம் ஞானரூபன். அவள் வல்லிபுரம் வதனரூபி. பெயருக்குப் பக்கத்தில் இரண்டு திகதி. முதலாவது தம்பி பிறந்த நாள். இரண்டாவது 27.04.2009.

காது அடைத்துக்கொண்டது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் இல்லை. வேறு ஞானரூபனாக இருக்கும். வேறு வல்லிபுரத்தின் மகன். அதே ஆவணி மாதம் அதே பதினோராம் திகதி பிறந்த வேறு ஒருவன். பத்தொன்பது வயது. கடைசியாக அவனைக் கண்டது யார் என்று எத்தனை பேரிடம் அம்மா கேட்டிருக்கிறாள். முகாமில் கண்டதாகச் சொன்னார்கள், பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டதாகச் சொன்னார்கள், தெற்கில் ஒரு மறியலில், சிறைக்கம்பிக்குள் மெலிந்துபோய் இருக்கிறான் என்று ஒருத்தி போன வருடமும் சொன்னாள். அதனால்தான் பந்தல், அதனால்தான் படம், அதனால்தான் வீட்டில் ஒரு விளக்கும் கொளுத்தாமல், ஒரு திவசமும் செய்யாமல். இங்கே ஒரு கல்லுக்குத் திகதி தெரிந்திருக்கிறது. ஊகித்து வெட்டுகிற திகதி இல்லை இது, நாள், மாதம், வருடம். யாரோ பார்த்திருக்கிறார்கள். யாரோ அந்த நாளை மறக்காமல் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார்கள். அழவேண்டும் என்று நினைத்தாள், அழுகைக்கு இடமில்லை, பயம் எல்லா இடத்தையும் பிடித்திருந்தது. ஏனென்றால் காலையில் அவர் தன் கொப்பியில் அவள் பெயரை எழுதினார். தகப்பன் பெயர்? வல்லிபுரம். அவள்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

ஒன்று முப்பத்தைந்துக்கு அவர் வந்தார். பல்லைக் குத்திக்கொண்டு, அவளுக்கு ஒரு குளிர்பானப் போத்தல்கூட வாங்கிக்கொண்டு. "சாப்பிட்டதா மிஸ்?" ஓம் என்றாள். "அப்ப, எழுத்து?" அவள் குரல் எங்கிருந்தோ வந்தது, கல்வெட்டு வாங்க வருகிறவர்களோடு பேசுகிற குரல். "சேர், இது எல்லாக் கொம்பியூட்டரிலயும் இருக்கிற எழுத்து. ஆரோ கொஞ்சம் தடிப்பாக்கி இருக்கினம், அவ்வளவுதான். ஆர் வேண்டுமெண்டாலும் செய்யலாம்." அவர் அவளைப் பார்த்தார். பின்னாலிருந்த தட்டைப் பார்த்தார். அல்லது சுவரைப் பார்த்தார். "அப்ப கடை சொல்ல முடியாது." "ஏலாது சேர்." அவர் கதிரையை இழுத்து இருந்தார். போய்விடுவார் என்று நினைத்தவள் அவர் கொப்பியைத் திறப்பதைக் கண்டாள். "பரவாயில்லை. பெயர்களை வாசிங்க. நான் சிங்களத்தில் எழுதிக்கொள்ளுறது. எங்க ஒபிஸ்ல தமிழ் வாசிக்கிற ஆள் லீவு, திங்கள்தான் வரும். பெயர் இருந்தால் வீடு இருக்கும். வீட்டு ஆள்தானே கல் வைக்கிறது." மிகச் சாதாரணமாகச் சொன்னார், வெற்றிலை வாங்கிவா என்பதுபோல.

வாசித்தாள். வாசிக்காமல் எப்படி இருப்பது. முதலாவது, பொன்னுத்துரை கஜமுகன். அவர் மெதுவாக எழுதினார், வாய்க்குள் சொல்லிச் சொல்லி. இரண்டாவது, அருளப்பு மரியசீலி. மூன்றாவது, நான்காவது. வாசிக்க வாசிக்க ஒன்பதாவது அவளை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது, கிணற்றில் வாளி ஏறுகிறமாதிரி. விடலாமா? இருபத்துமூன்று என்று எண்ணி வைத்திருக்கிறார். வாசித்தால் வல்லிபுரம் என்ற சொல்லைக் காலையில் எழுதின அதே கொப்பியில் எழுதுவார், இரண்டு பக்கம் முன்னால்தான் அது இருக்கும். ஐந்தாவது, கந்தவனம் தவமலர். ஆறாவது. அம்மாவிடம் போவார்கள். பந்தலிலேயே போவார்கள். உன் மகன் செத்துப்போனான் என்று நீயே கல் வைத்துவிட்டு இங்கே ஏன் குந்தியிருக்கிறாய் என்று கேட்பார்கள், அம்மா அந்தச் செய்தியை அந்த வாயிலிருந்தா கேட்கவேண்டும். ஏழாவது. குளிர்பானத்தைக் குடித்தாள், இனிப்பு நாக்கில் பசைமாதிரி ஒட்டிற்று. எட்டாவது, சின்னராசா யாழிசை. "யா... ழி...?" "யாழிசை, சேர்." "சின்னப் பிள்ளையா?" "பிறந்தது ரெண்டாயிரத்து மூண்டு." அவர் பேனையை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு எழுதினார். "ஒன்பது?"

"செல்லையா குணரத்தினம்," என்றாள் வதனரூபி.

எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? போன மாதம் கல்வெட்டு அடித்தாளே, எண்பத்துநான்கு வயது, நித்திரையில் போன மனுசன். அவர் எழுதினார். அவ்வளவுதான். கூரை விழவில்லை. ஒரு மூச்சு உள்ளே போயிற்று, அதோடு சேர்ந்தே மற்றது வந்தது: நான் என்னுடைய அம்மாவை மட்டும் காப்பாற்றிவிட்டேன். பத்தாவது வரியில் ஒரு பெயர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு வீடு, ஒரு படலை, படலையைத் திறக்க வருகிற ஒருத்தி. "தம்பிமுத்து பராசக்தி," என்றாள். அது ஒரு ஆச்சி, மாரடைப்பு. பதினொன்று, "விசுவலிங்கம் நடேசபிள்ளை." தபாலதிபர், நிமிர்ந்த எழுத்து கேட்டு வந்த குடும்பம். தடக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, தாளில் கண்ணை வரிவரியாக இறக்கவேண்டும், விரலை வைத்து வாசிக்கிறமாதிரி. தட்டில் இருந்த அட்டைகள் ஒவ்வொன்றாக மனதில் திரும்பின, கட்டிலில் செத்தவர்கள், ஆஸ்பத்திரியில் செத்தவர்கள், கனடாவில் செத்து இங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யப்பட்டவர்கள், ஒருவரும் தேடிப்போய்த் துன்பப்படுத்த முடியாதவர்கள். இருபதில் ஒரு பெயரை இரண்டாம் தரம் சொல்லிவிட்டோமோ என்று நெஞ்சு குளிர்ந்தது. அவர் தலை நிமிரவில்லை. இருபத்துமூன்று. அவர் கொப்பியை மூடி, படத்தை மடித்து, எழும்பி, போகிற போக்கில் தட்டிலிருந்து ஒரு கல்வெட்டை எடுத்தார். அந்த மூன்றில் ஒன்று. தாள்களை விரலால் சரசரவென்று ஓட்டினார். "வடிவாக இருக்கிறது," என்றார். திரும்ப வைத்தாரா, கொண்டுபோனாரா? அவர் போனபிறகு அவள் எண்ணிப் பார்த்தாள். இரண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை தமிழ் வாசிக்கிற ஆள் வந்துவிடும். இன்றைக்கு வியாழன். கதவைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் எறிந்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். போனில் சொல்லப் பயம், போகவும் பயம். பின்னால் ஒரு நீல மோட்டார் சைக்கிள் மூன்று சந்தி வரைக்கும் வந்தது. நான்காவது சந்தியில் அது திரும்பியபோது நிம்மதி வரவில்லை, வேறு ஒன்று வரும் என்று இருந்தது. அந்த எட்டுப் பெயர்களை மிதிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள், மறந்துபோகாமல். யேசுநேசன் பட்டறையில் முகத்துக்குத் துணி கட்டி மண் அடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், படம், எழுத்து, கொப்பி, காணாமல்போன கல்வெட்டு. அவன் துணியை அவிழ்த்தான். முகத்தில் துணி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் கறுப்பாக இருந்தது.

"என்ர பேரைச் சொல்லேல்லையோ?"

"இல்லை. ஆனா எட்டுப் பேரைச் சொல்லிப் போட்டன். உண்மையான பேர்."

"ஒன்பதிலயிருந்து ஏன் மாத்தினீங்கள்?"

"ஒன்பதாவது என்ர தம்பி."

யேசுநேசன் மெதுவாகக் கல்லின் மேலேயே இருந்துவிட்டான். "வல்லிபுரத்தின்ர மகன்... உங்கட தம்பியே அக்கா? கடவுளே. எனக்கு உங்கட தகப்பன்ர பேர் தெரியாதே." கைகளைத் தொடையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "அந்தப் பேரைத் தந்தது ஒரு அம்மா. பூமலர் எண்டு பேர். பதுங்குகுழியில செல் விழேக்க அவவின்ர பிள்ளையோட அந்தப் பொடியனும் இருந்தவனாம். பிள்ளை உடனயே போட்டுது. பொடியன் பின்னேரம் வரைக்கும் இருந்தவனாம். தன்ர பேர், தகப்பன்ர பேர், பிறந்த நாள் எல்லாம் சொல்லி, ஆரும் கேட்டா சொல்லுங்கோ எண்டவனாம். அவதான் ரெண்டு பேரையும் ஒரே கிடங்கில தாட்டவ. சொந்தக்காரரை எங்க தேடுறதெண்டு தெரியேல்லை, என்ர பிள்ளைக்குக் கீழ அவன்ர பேரை வெட்டு எண்டு சொன்னவ."

கீழே என்றால் ஒன்பது. மேலே எட்டு. அவள் வாயிலேயே அந்தப் பெயர் இன்னும் இருந்தது, எழுத்துக்கூட்டிச் சொன்ன இடம்கூடச் சூடு ஆறவில்லை.

"யாழிசை," என்றாள்.

"ஓம். எட்டாவது. அவவின்ர ஒரே பிள்ளை."

வெளியே வீதியில் ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. சின்னராசா யாழிசை, பெயர் இருந்தால் வீடு இருக்கும். இந்த ஊரில் அப்படி ஒரு பெயர் எத்தனை பேருக்கு இருக்கும், ஊர்க் குடும்பங்களின் பதிவு வைத்திருக்கிற ஒரே ஒரு விதானையாரைக் கேட்டால் போதும், அந்த அம்மாவின் படலைக்கு வழி காட்டிவிடுவார். எங்கே இருக்கிறா என்று கேட்டாள். ஒட்டுசுட்டானுக்கு அங்கால, ரெண்டரை மணித்தியாலம் என்றான் யேசுநேசன். சொல்லிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்த கல்லைச் சாக்கால் மூடினான், உள்ளே போய் மனைவியிடம் ஏதோ சொன்னான், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

"பயமெண்டா நில்லுங்கோ அக்கா. மற்ற ஏழு வீட்டுக்கும் சொல்ல ஆக்கள் இருக்கினம், இதை நான் போய்ச் சொல்லுறன்."

"பயம்தான்," என்று சொல்லிவிட்டு வதனரூபி பின்னால் ஏறி இருந்தாள்.